பங்கும் பகிடியும்: சிறு முதலீட்டாளரின் பேச்சு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

பொருளியல் வரலாற்றை எழுதுவோர் விலைப் பட்டியல்களையும் வங்கிக் கணக்கேடுகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே தம் முதன்மை ஆதாரங்களாகக் கொள்வது வழக்கம். ஆயின் பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவதற்கு முன்னர் அங்கே ஒரு பேச்சு நிகழ்கின்றது. அப்பேச்சு பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர், கமக்காரர், வெளிநாட்டில் உழைத்து மீண்டவர் ஆகிய தொழில்முறை சாராத சிறு முதலீட்டாளர்கள் தம் சேமிப்பை எங்கே இடுவது என்று ஆராயும்பொழுது, அவ்வாராய்ச்சி ஆய்வரங்கின் மொழியில் நடைபெறுவதில்லை. தேநீர்க் கடையின் மொழியில், வம்பும் பகிடியும் கலந்தே அது நடைபெறுகின்றது. இப்பகிடி சிறு முதலீட்டாளனைக் காக்கின்றதா, அன்றி வீழ்த்துகின்றதா என்பது வெறும் சுவைக்காக எழுப்பப்படும் வினா அன்று. ஒரு குடும்பத்தின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அவ்வினாவின் விடையில் தங்கியுள்ளது.

தமிழிலக்கண மரபு நகையை எளிதாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் என்றார். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் உரையாசிரியர் காட்டும் வேறுபாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பதோ பிறர் அறிவிக்கத் தான் ஏற்று, ஏற்றதைப் பின் கைவிடாதிருக்கும் தன்மை. பிறர் சொற்கேட்டுப் பங்கொன்றை வாங்கி, விலை வீழ்ந்த பின்னரும் அதனைப் பற்றிக்கொண்டிருப்பவனின் நிலைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைத்தல் அரிது.

சிறு முதலீட்டாளரிடையே பல நாடுகளிலும் வழங்கும் பழைய பகிடியொன்று இம்மடனையே பொருளாகக் கொண்டது. நீண்டகால முதலீட்டாளன் யார் என்று கேட்டால், குறுங்காலத்தில் விற்க எண்ணி வாங்கி, விற்க முடியாமற்போனவனே அவன் என்பது விடை. இதனைச் சொல்பவன் பெரும்பாலும் தன்னையே சுட்டுகின்றான். எனவே சிறு முதலீட்டாளன் பேதையல்லன்; தன் மடமையைத் தானே உணர்ந்தவன். உணர்ந்திருந்தும் அவன் ஏன் மீண்டும் மீண்டும் அகப்படுகின்றான் என்பதே வரலாறு விடைகாண வேண்டிய வினாவாகும்.

கரைவலையும் சீட்டும்

கல்முனைக் கரையோரத்தைப் பொறுத்தவரை பங்கு என்னும் சொல் கொழும்பிலிருந்து வந்த புதுச்சொல் அன்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இக்கடற்கரையில், கரைவலைத் தொழிலின் அடிப்படையே பங்குதான். செலவு நீக்கிய பின்னர் தோணிக்கும் வலைக்கும் ஒரு கூறு, இழுத்தோருக்கு ஒரு கூறு என வருமானம் பிரிக்கப்படும். வலை நிறைந்து வந்தால் அனைவருக்கும் பங்கு. வெறுமையாக வந்தால் அவ்வெறுமையிலும் அனைவருக்கும் பங்கு. கயிறு இழுப்போர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு இசைந்து இழுப்பதும், ஒருவரையொருவர் கேலி செய்து களைப்பை மறப்பதும் இத்தொழிலோடு ஒட்டியவை. மீன் அகப்படும் என்று உறுதி கூறியவன் கேலிக்கு இலக்காகும்போது, அவனும் அன்றைய நாளின் நட்டத்தைப் பிறரோடு சேர்ந்தே சுமக்கின்றான்.

வயற்புறத்திலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. அறுவடை முடிந்ததும் நெல்லை உடனே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பது போடியாரும் சிறு கமக்காரரும் ஒருங்கே எதிர்நோக்கிய வினா. இதுவும் ஊகவணிகமே. ஆயினும் அவ்வூகத்தை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தோர் ஒரே வாய்க்காலின் நீரையும் ஒரே வானத்தின் மழையையும் நம்பியிருந்தோராவர்.

இல்லங்களுள் வழங்கிய முதலீட்டு முறை சீட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் 10,000 ரூபா வீதம் இட்டால், மாதம் ஒருவர் 100,000 ரூபாவை எடுத்துக்கொள்வர். முறையைக் குலுக்கல் மூலம் தீர்மானிப்பதும் உண்டு. கழிவு கூறி ஏலத்தில் எடுப்பதும் உண்டு. அக்கழிவு வட்டியின் சாயலை உடையதாதலின் ஏலச்சீட்டை ஐயத்துக்குரியதாகக் கருதுவோரும் உளர். குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, 1935 ஆம் ஆண்டின் சீட்டுக் கட்டளைச்சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்த முற்பட்டது. எனினும் வீட்டுச் சீட்டுக்கள் சட்டத்தின் வலிமையால் நடைபெற்றவை அல்ல. வாய்ச்சொல்லின் வலிமையால் நடைபெற்றவை.

இங்கு வம்புப் பேச்சு ஆற்றும் பணி கூர்ந்து நோக்கத்தக்கது. யாருடைய கணவர் இம்மாதம் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பவில்லை, யாருடைய மகளுக்குக் கலியாணம் நெருங்குகின்றது, யார் முன்னைய சீட்டில் முறைதவறினார் என்பன பெண்களின் உரையாடலில் இடையறாது அடிபடும். வெளியார்க்கு இது வீண்கதையாகத் தோன்றும். உண்மையில் வங்கி முகாமையாளர் கடன் விண்ணப்பதாரியிடம் கோரும் ஆவணங்களின் இடத்தையே இவ்வுரையாடல் வகிக்கின்றது. தவணை தவறியவரைப் பற்றி எழும் கேலி ஓர் அழைப்பாணைக்கு நிகரானது. பகிடி சொல்பவர், கேட்பவர், பகிடிக்கு இலக்கானவர் ஆகிய மூவரும் ஒரே சீட்டில் இருப்பதனால் பேச்சுக்குப் பொறுப்பு உண்டாகின்றது. நட்டம் பொதுவாக இருக்கும் இடத்தில் நகை காவலாகின்றது எனலாம்.

அம்ஸ்ரடாம்: பேச்சே சந்தையான நகரம்

பங்கு அந்நியரிடையே கைமாறும் பண்டமாகிய இடத்தில் இந்நிலை மாறுகின்றது. அம்மாற்றம் தொடங்கிய நகரம் அம்ஸ்ரடாம். 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் முதலுக்கு அந்நகரில் 1,143 பேர் பணம் இட்டனர். அவர்களுள் வீட்டுப் பணிப்பெண்ணும் இருந்தாள். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய கொம்பனியும் இதுவே. இலங்கைக் கறுவாவை ஏற்றிய கப்பல்கள் வந்தடைந்தனவா, கடலில் அமிழ்ந்தனவா என்னும் செய்தி அம்ஸ்ரடாமின் கோப்பிக் கடைகளில் பங்கின் விலையை ஏற்றியும் இறக்கியும் வந்தது. கீழைக் கடலின் காற்றையும் அலையையும் ஒருநாளும் கண்டிராத மாந்தர், அவற்றைப் பற்றிப் பகிடி பேசிப் பணம் வைத்தனர்.

அப்பேச்சின் இயல்பை அறிய ஒரு சிறந்த சான்று உண்டு. யோசேப் டி லா வேகா என்னும் யூத எழுத்தாளர் 1688 இல் ஸ்பானிய மொழியில் 'குழப்பங்களின் குழப்பம்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். பங்குச் சந்தை பற்றி எழுந்த முதல் நூல் இதுவே என்பர். தத்துவஞானி, வணிகன், பங்கு வணிகத்தில் தேர்ந்தவன் ஆகிய மூவர் உரையாடும் வடிவில் அது அமைந்துள்ளது. விலை ஏறும் என்று நம்புவோரைக் 'காதலர்' என்றும், இறங்கும் என்று எதிர்பார்ப்போரை அடியிற் சுரங்கம் அகழ்வோர் என்றும் சந்தையார் அழைத்ததை அந்நூல் பதிவு செய்கின்றது. முழுப் பங்கை வாங்க வசதியற்றோருக்காக அதன் பத்திலொரு கூறாக மதிக்கப்பட்ட சிறு பங்குகள் தோன்றியதையும், எளியோரும் இளையோரும் அவ்வாட்டத்தில் இறங்கியதையும் அது எடுத்துரைக்கின்றது.

வேகாவின் நூல் நகைச்சுவை நிரம்பியது. ஆயினும் அதன் நோக்கங்களுள் ஒன்று எச்சரிக்கை. சந்தையின் சூழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் கேட்டு நகைக்கும் தத்துவஞானியும் வணிகனும் அச்சந்தையினின்றும் ஒதுங்கி நிற்க முடியாமல் ஈர்க்கப்படுகின்றனர். சூழ்ச்சியை அறிந்துகொண்டோம் என்னும் எண்ணமே அவர்களுக்குத் துணிவைத் தருகின்றது. அறிவு காவலாகாமல் அழைப்பாக மாறும் இம்முரண் பிற்காலச் சந்தைகள் அனைத்திலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது.

1720: ஏளனம் விலைபோன காலம்

இலண்டனில் 1720 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்கடற் கொம்பனியின் பங்கு ஏறத்தாழ 128 பவுணுக்கு விற்றது. அவ்வாண்டின் கோடையில் அது 1,000 பவுணை அண்மியது. செப்டெம்பர் முடிவதற்குள் 200 பவுண் அளவுக்கு வீழ்ந்தது. பிரபுக்கள் முதல் பணியாளர் வரை பலரும் இதிற் பணத்தை இழந்தனர். பேரறிஞர் ஐசாக் நியூற்றனும் அவர்களுள் ஒருவர்.

இக்காலத்தில் ஏளனத்துக்குக் குறைவிருக்கவில்லை என்பதே வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது. எக்ஸ்சேஞ்ச் சந்தின் யோனதன் கோப்பிக் கடையில் வம்பும் வணிகமும் ஒன்றாகவே நடந்தன. அவ்வாண்டில் முளைத்த கொம்பனிகளை நையாண்டி செய்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கொம்பனியின் கேலிப்படமும் செய்யுளும் அமைந்த ஆட்டச்சீட்டுக் கட்டுக்கள் விற்பனையாயின. ஒல்லாந்திலும் முட்டாள்தனத்தின் பெருங்காட்சி என்னும் கருத்தமைந்த தலைப்போடு கேலிச் சித்திரத் தொகுதியொன்று அதே ஆண்டில் வெளிவந்தது. மக்கள் மயங்கியிருந்தனர், பின்னர் விழித்தனர் என்று கூறும் எளிய வரலாறு இச்சான்றுகளின் முன் நிலைபெறாது. மயக்கமும் விழிப்பும் ஒரே கடையில், ஒரே மேசையில், ஒரே மனிதனிடத்திலும் இருந்தன.

இத்தொடர்பில் ஒரு கதை பெரும் புகழ் பெற்றது. பெரும் இலாபம் தரவல்ல ஒரு முயற்சிக்கு, அது இன்னதென்று எவருக்கும் கூறாமலே ஒருவன் பணம் திரட்டி, ஒரே நாளில் 2,000 பவுணுடன் மறைந்தான் என்பது அது. சார்ள்ஸ் மக்கே 1841 இல் வெளியிட்ட நூல் இக்கதையை உலகறியச் செய்தது. இத்தகைய கொம்பனியொன்று உண்மையில் இருந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுறுகின்றனர். அக்காலத்தார் கட்டிய ஒரு பகிடியே காலப்போக்கில் வரலாற்றுச் செய்தியாக மாறியிருக்கலாம். பேச்சை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வாளன் ஏற்கவேண்டிய எச்சரிக்கை இது. பகிடி நிகழ்ச்சிக்குச் சான்றாகாமற் போகலாம். அதனைச் சொல்லி நகைத்தோரின் மனநிலைக்கு அது உறுதியான சான்றாகும்.

பம்பாயும் கொழும்பும்

தென்னாசியாவில் இத்தகைய எழுச்சியை முதலிற் கண்ட நகரம் பம்பாய். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 இல் தொடங்கியதும் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிட்டாது போயிற்று. இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்தது. அவ்வழியே குவிந்த பணம் புதிய வங்கிகளிலும் கடலை மீட்டு நிலமாக்கும் கொம்பனிகளிலும் பாய்ந்தது. 5,000 ரூபா செலுத்தப்பட்ட பாக்பே மீட்புக் கொம்பனிப் பங்கு ஏறத்தாழ 50,000 ரூபா வரை விலைபோயிற்று. 1865 ஏப்பிரலில் போர் முடிவுற்ற செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது. எதிர்காலத் தவணைக்குப் பேசிய ஒப்பந்தங்கள் தீர்க்கப்பட வேண்டிய 1865 யூலை 1 ஆம் நாள் நகரின் வணிகர் பலரை நொடித்தோராக்கியது. ஆலமர நிழலில் கூடிப் பேசி வணிகம் செய்த தரகர்களே 1875 இல் சங்கமாக அமைந்து பம்பாய்ப் பங்குச் சந்தைக்கு அடிகோலினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறுவனம் தோன்றுவதற்கு முன்னர் அங்கே பேச்சு இருந்தது.

கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் 1896 இல் தோன்றியது. பெருந்தோட்டக் கொம்பனிகளின் பங்குகளைப் பிரித்தானியர் தமக்குள் வாங்கி விற்பதற்கென எழுந்த அமைப்பு அது. 1910 இல் இலண்டனில் இறப்பரின் விலை இறாத்தலுக்கு 12 சிலிங்கையும் கடந்தபொழுது கொழும்பும் அவ்வெழுச்சியில் கலந்துகொண்டது. ஆயினும் கிழக்குக் கரையோரத்தின் கமக்காரனுக்கும் மீனவனுக்கும் அச்சந்தையில் இடமிருக்கவில்லை. நிலமும் நகையும் நெல்லும் சீட்டுமே அவன் அறிந்த முதலீடுகள். எனவே அந்நியரோடு பங்கு பேசும் அனுபவம் இப்பகுதிக்கு மிகப் பிந்தியே வந்தது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பின் மூலம் 1970களின் பிற்பகுதி தொடக்கம் காசாக வந்த வருமானம், நிலத்துக்கும் நகைக்கும் அப்பாற்பட்ட முதலீட்டைத் தேடும் ஒரு பிரிவினரை இங்கு உருவாக்கியது.

1929 இன் பின் எழுந்த சிரிப்பு

நியூயோர்க் சந்தை 1929 ஒற்றோபரில் சரிந்தபொழுது, பணத்தை இழந்தோருள் நகைச்சுவை நடிகர் எடி கன்ரரும் ஒருவர். அவர் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தம் இழப்பைப் பற்றி ஒரு பகிடி நூலை வெளியிட்டார். 1940 இல் பிரெட் ஷ்வெட் எழுதிய நூலின் தலைப்பே ஒரு பகிடி. துறைமுகத்தில் நிற்கும் தரகர்களின் உல்லாசப் படகுகளைக் காட்டியபொழுது, அப்படியானால் வாடிக்கையாளர்களின் படகுகள் எங்கே என்று ஒருவன் கேட்டதாக அமைந்த பழங்கதையிலிருந்து பிறந்தது அது. இவை இழந்தோர் தரப்பின் நகைப்புக்கள். வீழ்ச்சிக்கு முந்திய நகைப்பினின்றும் இவை வேறுபட்டவை. முந்தியது அச்சத்தை மறைத்தது. பிந்தியது அநீதியைச் சுட்டியது.

1929 இலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் தாமும் பெருநட்டமடைந்த முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரஹாம் சொல்லிவந்த கதையொன்று இங்கு நோக்கத்தக்கது. எண்ணெய் அகழ்வோன் ஒருவன் இறந்து சுவர்க்க வாயிலை அடைகின்றான். எண்ணெய் அகழ்வோருக்கான இடம் நிறைந்துவிட்டது என்று காவலர் கூறுகின்றார். அவன் உள்நோக்கி, நரகத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்று உரத்துக் கூவுகின்றான். உள்ளிருந்தோர் அனைவரும் நரகத்தை நோக்கி ஓடுகின்றனர். இனி உள்ளே வரலாம் என்று காவலர் அழைக்க, அவனோ தயங்கி, இத்தனை பேர் ஓடுவதானால் அவ்வதந்தியில் ஏதேனும் உண்மை இருக்கக்கூடும், தானும் அங்கேயே செல்வதாகக் கூறிப் பின்தொடர்கின்றான்.

தான் கட்டிய பொய்யைப் பிறர் நம்பக் கண்டு தானும் நம்பியவனின் கதை இது. சந்தைப் பேச்சின் இயக்கம் முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது. சொல்பவன், கேட்பவன், ஏமாற்றுபவன், ஏமாறுபவன் என்னும் எல்லைகள் கூட்டத்தில் அழிந்துவிடுகின்றன.

போருக்குப் பிந்திய சந்தை

இலங்கையின் பங்குச் சந்தை 1985 இல் இன்றைய நிறுவன வடிவுக்கு அடிப்படையான கூட்டிணைப்பைப் பெற்றது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் அது கண்ட எழுச்சி முன்னெப்பொழுதும் காணப்படாதது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009 இல் ஏறத்தாழ 125 சதவீதமும் 2010 இல் ஏறத்தாழ 96 சதவீதமும் உயர்ந்து, 2011 பெப்ருவரியில் 7,811 புள்ளிகளைத் தொட்டது. 2012 இன் முடிவில் அது 5,643 ஆக இறங்கியிருந்தது. இடையில், 2011 டிசெம்பருக்கும் 2012 ஓகஸ்ட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினர். சிறிய கொம்பனிகளின் பங்குகளைச் சிலர் கூடி விலையேற்றிப் பின் பொதுமக்கள்மேல் தள்ளிவிட்டனர் என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் பரவலாக எழுந்தது.

இத்தகைய பங்குகளைக் குறித்து வழங்கும் பழைய பகிடி மீன்பிடி ஊர்களுக்கு எளிதில் விளங்கும். ரின் மீன் பெட்டியொன்று கைமாறிக் கைமாறி விலை ஏறுகின்றது. ஈற்றில் வாங்கியவன் ஒரு ரின்னைத் திறந்து பார்க்கின்றான். மீன் கெட்டுக் கிடக்கின்றது. விற்றவனிடம் முறையிட, இது தின்பதற்கான மீன் அன்று, வாங்கி விற்பதற்கான மீன் என்று அவன் விடை கூறுகின்றான். இதனைச் சொல்லிச் சிரித்தவாறே தானும் ஒரு பெட்டியை வாங்குபவனின் கணக்கு வெளிப்படையானது. தனக்குப் பின்னும் ஒருவன் வருவான் என்பதே அவனது கணக்கு. கரைவலையில் அத்தகைய பின்வருவோன் இல்லை. சீட்டில் அவனுக்கு முகமும் பெயரும் உண்டு. சந்தையிலோ அவன் முகமற்றவன். ஆதலின் அவனது இழப்பு சிரிப்பவனின் மனத்தை உறுத்துவதில்லை.

2020 இன் பின்னர் கைத்தொலைபேசி மூலமே பங்குக் கணக்கை ஆரம்பிக்கும் வசதி ஏற்பட்டது. கல்முனையில் இருப்பவர் கொழும்புக்குச் செல்லாமலே முதலீட்டாளராகலாம் என்னும் நிலை பிறந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் இளையோர் சந்தையுட் புகுந்தனர். அமெரிக்காவில் 2021 சனவரித் தொடக்கத்தில் 20 டொலருக்கும் குறைவாக இருந்த கேம்ஸ்ரொப் நிறுவனப் பங்கு, சிறு முதலீட்டாளரின் கேலியும் ஆரவாரமும் கூடிய கூட்டு வாங்கலால் அம்மாதம் 28 ஆம் நாள் 483 டொலரைத் தொட்டு, பின்னர் விரைந்து வீழ்ந்தது. இலங்கையிலும் சுட்டெண் 2021 இல் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்தது. 2022 சனவரியில் அது 13,462 புள்ளிகளை எட்டியது. ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்தியது. அம்மாதம் 18 முதல் 22 வரை சந்தை மூடப்பட்டது. ஆண்டின் முடிவில் சுட்டெண் 8,490 அளவில் நின்றது.

சிறு முதலீட்டாளனைப் பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்வழி அளந்த பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. வங்கியில் வைப்பிலிட்டவனின் பணமும் பெட்டியிற் பூட்டியவனின் பணமும் அவர்களது கண்முன்னேயே கரைந்தன. 2021 இன் இரசாயன உரத் தடை அம்பாறை மாவட்ட வயல்களின் விளைச்சலைத் தாக்கியது. அதற்கும் முன்னர், 2004 டிசெம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை, வீட்டில் வைத்த பொருளும் ஒரு காலைப்பொழுதில் இல்லாதொழியும் என்பதை இக்கரையோரத்துக்குக் காட்டியிருந்தது. பாதுகாப்பான இடம் எதுவும் இல்லை என்று கண்டவன் எங்கேனும் இட்டாக வேண்டியவனாகின்றான். அவனது பகிடியில் பேராசையைக் காட்டிலும் வழியின்மையே மிகுதி.

நஜ்ஷ் என்னும் அளவுகோல்

முஸ்லிம் ஊர்களில் பங்குகள் பற்றிய பேச்சு ஆகுமா, ஆகாதா என்னும் வினாவிலே தொடங்குவது இயல்பு. இஸ்லாமிய சட்டவியல் ரிபா என்னும் வட்டியையும், மைசிர் என்னும் சூதையும், கரர் என்னும் மிகை நிச்சயமின்மையையும் தடுக்கின்றது. ஆகுமான தொழில் செய்யும் கொம்பனியின் பங்கை வைத்திருத்தல் கூடும் என்று 1992 இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்டவியல் கழகம் முடிவு செய்தது. இலங்கையில் 2005 இல் வங்கிச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் வட்டியற்ற வங்கித் தொழிலுக்கு இடமளித்தது. 2011 இல் அத்தகைய முழு வங்கியொன்றும் செயற்படத் தொடங்கியது.

இவ்விவாதம் பெரும்பாலும் கொம்பனி எதனை உற்பத்தி செய்கின்றது, வட்டிக் கடன் எவ்வளவு பெற்றுள்ளது என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. பேச்சைப் பற்றிய தடையொன்று அதே சட்டவியலில் உண்டு என்பது அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. அது நஜ்ஷ் எனப்படும். வாங்கும் எண்ணமின்றிப் பொருளொன்றை உயர்த்திக் கேட்டு, பிறரைக் கூடிய விலைக்கு வாங்கத் தூண்டுதலே நஜ்ஷ். நபிமொழி இதனைத் தடை செய்துள்ளது. பொருள் ஆகுமானதாக இருந்தாலும் அதனைப் பற்றிய பேச்சு ஆகாததாக இருக்கலாம் என்பதே இத்தடையின் உட்கிடை. மீன் விழுங்கிய தூண்டில் என்று சூதின் வெற்றியை உவமித்த வள்ளுவரும் இவ்வுண்மையின் மறுபுறத்தையே கண்டார். தூண்டிலில் இரையைக் கோப்பவன் ஒருவன் உளன். அவ்விரை பல வேளைகளில் ஒரு சொல்லாகவே அமைகின்றது.

நஜ்ஷ் என்னும் இவ்வளவுகோல் சமய எல்லைக்குள் மட்டும் பயன்படுவது அன்று. பங்கொன்றைப் புகழ்ந்தோ கேலி செய்தோ பேசுபவன் அதனைக் கையில் வைத்திருக்கின்றானா, எவ்விலைக்கு வாங்கினான், கேட்பவன் வாங்கும் வேளையில் அவன் விற்கின்றானா என்னும் வினாக்களை இது எழுப்புகின்றது. சீட்டில் இவ்வினாக்களுக்கு விடை தேட வேண்டியதில்லை. விடைகள் அயல்வீட்டிலேயே உள்ளன. கைத்தொலைபேசித் திரையில் வந்து விழும் பகிடியிலோ அவற்றுக்கு விடையே இல்லை. அண்டை வீட்டாரின் பேச்சைக் கேட்டுப் பழகிய செவி, அதே நம்பிக்கையோடு அந்நியனின் பேச்சையும் கேட்கின்றது. நெருக்கத்தின் மொழியாகிய பகிடி நெருக்கமில்லாதவனின் கைக் கருவியாகும்பொழுது தீங்கு விளைகின்றது. இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை வெளியிட்டு மக்களை எச்சரித்து வருகின்றது. அத்திட்டங்கள் உறவினர், நண்பர், ஊரவர் வழியாகவே பரவுகின்றன என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, அம்ஸ்ரடாம் முதல் கொழும்பு வரை சிறு முதலீட்டாளர் தாம் எதிர்நோக்கிய ஆபத்தை அறிந்தே இருந்தனர் என்பது புலனாகும். அவர்தம் பகிடிகளே அதற்குச் சான்று. ஆபத்தைச் சொல்லிச் சிரித்தவன் அதனைச் சொல்லிவிட்டோம் என்னும் நிறைவில் அமைதியடைகின்றான். விலகி நிற்க வேண்டிய கடமை அச்சிரிப்போடு கழிந்துவிடுகின்றது. ஆயினும் எல்லாப் பகிடியும் ஒரே தன்மையன அல்ல. சொல்பவனும் கேட்பவனும் ஒரே நட்டத்தைப் பங்கிடும் இடத்தில் அது காவலாகின்றது. சொல்பவன் முன்னரே விற்று விலக, கேட்பவன் மட்டும் எஞ்சும் இடத்தில் அதுவே பொறியாகின்றது. மடன் என்று இலக்கணிகள் குறித்த பண்பு தனிமனிதனின் குறை மட்டும் அன்று. அவனுக்கு அறிவித்தவன் யார் என்பதையும் அதனோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகளை அறிஞர் பலர் தொகுத்துப் பேணியுள்ளனர். கரைவலைத் தோணியடியிலும் நெற்கடையிலும் சீட்டுக் கூடும் வீடுகளிலும் பணத்தைப் பற்றி வழங்கிய பகிடிகளும் மரபுத்தொடர்களும் அவ்வாறு தொகுக்கப்படுதல் வேண்டும். விலைப் பட்டியல்கள் எவ்வளவு இழந்தனர் என்பதைக் கூறும். எவ்வாறு நம்பினர், யாரை நம்பினர் என்பவற்றை அப்பேச்சே கூறும். அதனைத் திரட்டும் பணி அப்பேச்சைக் கேட்டு வளர்ந்த மாணவரின் கைக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது.